ஹாங்காங் டிம் ஹோ வானில் வரிசையில் நிற்பது தகுமா? – விவாத இழை

வாசகர் கேள்வி, நவம்பர் 4

டிசம்பரில் அப்பா, அம்மாவுடன் ஹாங்காங் வருகிறேன். டிம் ஹோ வான் என்ற டிம்சம் கடைக்குப் போகாமல் திரும்பாதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். டிம்சம், அதாவது சீனர்களின் அந்தச் சின்னச் சின்னப் பலகாரங்கள், சென்னையிலேயே மால்களில் கிடைக்கின்றன. வெறும் மாவு உருண்டைக்காக வயதானவர்களை வரிசையில் நிறுத்த வேண்டுமா? அம்மா சைவம். அப்பா மாட்டிறைச்சி மட்டும் தொடமாட்டார்.

நவம்பர் 4, இரவு

நிற்கலாம். ஆனால் சிறந்த உணவகங்களுக்கு மிஷெலின் வழிகாட்டி நூல் தரும் நட்சத்திரத்துக்காக நிற்காதீர்கள்.

அந்த நட்சத்திரத்தின் கதை இதுதான். 2009இல் ஹாங்காங்கின் மோங் கோக் பகுதியில் சுமார் இருபது பேர் நெருக்கியடித்து உட்காரும் ஒரு கடையை மாக் குவாய் புய் என்ற சமையல்காரர் திறந்தார். அதற்குமுன் ஃபோர் சீசன்ஸ் ஓட்டலில் மூன்று நட்சத்திரம் பெற்ற லுங் கிங் ஹீன் உணவகத்தின் சமையலறையில் டிம்சம் செய்தவர். அதே கைப்பக்குவத்தைத் தெருவிலே போகிறவனும் கொடுக்கக்கூடிய விலைக்கு விற்றார். மிஷெலின் வழிகாட்டியின் 2010 பதிப்பு அந்தச் சிறிய கடைக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது. உலகத்திலேயே மலிவான நட்சத்திர உணவகம் என்ற பேச்சு அப்போது கிளம்பியதுதான். அந்த மோங் கோக் கடை இப்போது அங்கே இல்லை. 2013இல் சிங்கப்பூருக்குப் போனார்கள், 2016இல் நியூயார்க்குக்கு. இன்றைக்கு அது பல நாடுகளில் கிளை பரப்பிய பெரிய நிறுவனம்.

நான் உங்களை அனுப்புவது ஷாம் ஷுய் போவில், ஃபுக் விங் தெருவில் இருக்கும் கிளைக்கு. சுற்றிலும் பொம்மைக் கடைகள். உள்ளே அலங்காரம் ஒன்றும் கிடையாது. மேசைகள் நெருக்கம், சத்தம் அதிகம். அந்த வட்டாரத்துக்காரர்களும் வந்து சாப்பிடுகிறார்கள். எனக்கு அது போதும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வரவழைக்காதீர்கள். டிம்சம் நன்றாக இருப்பது ஆவியிலிருந்து இறங்கிய முதல் சில நிமிடங்கள்தான். ஹாங்காங்கில் பெயர் பெற்ற கடைக்குப் போய்விட்டு "அப்படி ஒன்றும் இல்லையே" என்று திரும்புகிறவர்களில் பாதிப்பேர் ஆறிப்போனதைச் சாப்பிட்டவர்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

நவம்பர் 5, காலை

"சூடாகச் சாப்பிட்டால் எதுவும்தான் நன்றாக இருக்கும், இதில் என்ன விசேஷம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விசேஷம் இருக்கிறது. ஹா காவ் என்கிற இறால் கொழுக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்மாவு அரிசி மாவு என்று இன்னொருவர் எழுதியிருப்பது சரியில்லை. கோதுமை மாவைக் கழுவிக் கழுவிப் பசைத்தன்மையை நீக்கிய பிறகு மிஞ்சும் வெறும் மாச்சத்து அது. நம் வீட்டில் கொழுக்கட்டைக்குச் செய்வதுபோலவே கொதிக்கும் நீரை ஊற்றிக் கிளறித்தான் பிசைகிறார்கள். பிறகு சின்ன உருண்டையைப் பலகையில் வைத்து, எண்ணெய் தடவிய அகலமான வெட்டுக்கத்தியின் தட்டைப் பக்கத்தால் ஓர் அழுத்து, ஒரு சுழற்று. காகிதம்போல ஒரு வட்டம் விழுகிறது.

பசைத்தன்மை இல்லாததால் ஆவியில் வெந்தவுடன் அந்த மாவு கண்ணாடியாக மாறுகிறது. உள்ளே இருக்கும் இறாலின் இளஞ்சிவப்பு வெளியே தெரியும். ஆறத் தொடங்கினால் அதே மாச்சத்து இறுகுகிறது. தோல் வெளுத்து, தடித்து, அடியில் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். குச்சியால் தூக்கினால் கிழிந்து இறால் தனியாக விழும். நான்கு, ஐந்து நிமிடம் ஆவியில் வைத்த பண்டம், பத்து நிமிடம் மேசையில் கிடந்தால் வேறு பண்டம் ஆகிவிடுகிறது. சாம்பாரை மறுபடி சூடாக்கலாம், இதை ஆக்க முடியாது.

இறாலிலும் வேலை இருக்கிறது. உப்பும் மாச்சத்தும் போட்டுப் பிசைந்து, ஓடும் குளிர்ந்த நீரில் நெடுநேரம் அலசுகிறார்கள். கடித்தால் நொறுங்குகிற அந்தக் கெட்டித்தன்மை அப்படி வருவது. மாலில் உறைய வைத்ததை எடுத்துச் சூடாக்கித் தரும் ஹா காவில் இரண்டும் இருக்காது. அதைச் சாப்பிட்டுவிட்டு மாவு உருண்டை என்று சொல்வதில் தப்பில்லை. இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நவம்பர் 5, மதியம்

நேரம் கேட்டவருக்கு: வார நாள், கடை திறக்கும் நேரம். அது முடியாவிட்டால் மதியம் மூன்று மணி வாக்கில். சனி, ஞாயிறு பகலில் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள். வாசலில் எண் சீட்டு வாங்கிக்கொண்டு ஒருவர் நின்றால் போதும், மற்றவர்கள் பொம்மைக் கடைகளைப் பார்த்துவிட்டு வரலாம்.

நவம்பர் 7

கடைக்குப் பெயர் வந்ததே சுட்ட சா சியூ பாவ் என்ற, பன்றி இறைச்சி வைத்த பன்னால்தான். அதைப் பற்றி இதுவரை எழுதாமலே இருக்கிறேன்.

ஒரு தட்டில் மூன்று வரும். மற்ற கடைகளில் கிடைக்கும் சா சியூ பாவ் வெள்ளையாக, ஆவியில் வெந்து, தலை மூன்றாகப் பிளந்து பஞ்சுபோல இருப்பது. இது அடுப்பில் சுட்டது. மேலே சர்க்கரையும் வெண்ணெயும் சேர்ந்த மெல்லிய பூச்சு பொரிந்து, பொன்னிறத்தில் சின்னச் சின்ன வெடிப்புகளோடு இருக்கும். விரலால் அழுத்தினால் மேல்பகுதி "கறுக்" என்று உடையும், அதன் அடியிலேயே மாவு மிருதுவாகக் குழியும். உள்ளே தேன் பூசிச் சுட்ட பன்றி இறைச்சி, பொடியாக நறுக்கி, கெட்டியான இனிப்புக் குழம்பில். முதல் கடியில் அந்தக் குழம்பு உதட்டைச் சுடும். அவசரப்படக்கூடாது, ஆனால் ரொம்பவும் காத்திருக்கக்கூடாது. ஆவி உள்ளேயே அடங்கிவிட்டால் மேல்பூச்சு ஈரம் ஏறி நமத்துவிடும்.

இனிப்பும் உப்பும் இப்படிக் கலப்பது பிடிக்காதவர்கள் நம்மில் உண்டு. என் மனைவிக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. அவளுக்காக லோ பாக் கோ சொல்வோம். முள்ளங்கியைத் துருவி அரிசி மாவோடு அவித்து, வில்லை போட்டு, கல்லில் இருபுறமும் சிவக்கப் போட்டு எடுப்பது. ஓரம் முறுகலாகவும் நடுவில் குழைவாகவும் இருந்தால் அன்று சமையலறை நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

நவம்பர் 8

"தனித்தனியாக வரவழைக்கச் சொல்கிறீர்கள், சர்வர் விடமாட்டார், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் பில்லையும் வைத்துவிட்டார்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். எனக்கும் இந்த ஊரில் வேறொரு கடையில் அப்படி நடந்தது, பெயர் வேண்டாம். ஆறு கூடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றன. அடிக்கூடையைத் திறக்கும்போது அதில் சூடே இல்லை. பணம் கொடுத்துவிட்டுக் கசப்போடு வெளியே வந்தேன்.

வழி இருக்கிறது. மேசையில் பட்டியல் சீட்டு இருக்கும், வேண்டியதை டிக் அடித்துக் கொடுப்பதுதான் முறை. உட்கார்ந்தவுடன் இரண்டு சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சீட்டில் மூன்றே தட்டு. அவை வந்து பாதி காலியானதும் இரண்டாவது சீட்டைக் கொடுங்கள்.

நவம்பர் 8, இரவு

மேலே எழுதியதை மறுபடி யோசித்தேன். உச்ச நேரத்தில் வெளியே ஐம்பது பேர் நிற்கும்போது சீட்டை இரண்டாகப் பிரித்தால் சர்வர் முகம் சுளிப்பார். அவரையும் குறை சொல்ல முடியாது. தட்டு மலிவாக இருப்பதே மேசை சீக்கிரம் காலியாவதால்தான். அந்த விலையில் அந்தக் கைவேலை கிடைக்க வேறு வழியில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில் சாப்பிடும் வரிசையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். காத்திருக்க முடியாதவை ஹா காவ், சுட்ட பாவ், கல்லில் போட்ட லோ பாக் கோ, சியுங் ஃபன் ஆகியவை. அதிலும் சியுங் ஃபன் மோசம். அரிசி மாவை மெல்லிய விரிப்பாக அவித்துச் சுருட்டியது, ஆறினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வந்தவுடன் இவற்றில் கை வையுங்கள். பன்றி இறைச்சியும் இறாலும் வைத்து மேலே மூடாமல் அவிக்கும் சியூ மாய் ஓரளவு தாங்கும். தாமரை இலையில் கட்டிய ஒட்டரிசிச் சோறு, அதாவது லோ மாய் காய், இலையைப் பிரிக்கும்வரை சூடு போகாது, அதைக் கடைசிக்கு வையுங்கள். கோழிக்கால், அதாவது கோழியின் பாதம், காத்திருக்கும். மா லாய் கோ என்ற பழுப்பு நிற ஆவிக் கேக்கும் காத்திருக்கும்.

மூன்று பேருக்கு ஆறு தட்டு தாராளம். படத்தைப் பார்த்துப் பத்து தட்டு சொல்லிவிடுகிறார்கள், அங்கேதான் கெடுகிறது.

நவம்பர் 9

அம்மாவின் சைவம். இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். சாதாரண டிம்சம் கடையில் சுத்த சைவம் கிடைப்பது மிகவும் கடினம். காய்கறி என்று போட்டிருப்பதை நம்பி மட்டும் வாங்காதீர்கள்.

லோ பாக் கோ முள்ளங்கிதானே என்று நினைப்போம். உள்ளே உலர்ந்த இறாலும் சீன சாஸேஜும் பொடியாக நறுக்கிப் போட்டிருப்பார்கள். வதக்கிய கீரையின்மேல் சிப்பிச் சாறு ஊற்றி வரும். முட்டை டார்ட்டின் ஓட்டிலும் பாவின் மாவிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். அவித்த கீரையைச் சாறு இல்லாமல் கேட்கலாம், வெள்ளைச் சோறு கேட்கலாம். ஊர் விட்டு ஊர் வந்து அம்மா கீரையும் சோறும் சாப்பிட்டுக்கொண்டு நீங்கள் மூன்று பாவ் சாப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் மாமனார் வந்திருந்தபோது நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். டைமண்ட் ஹில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சி லின் என்ற பௌத்தப் பெண் துறவியர் மடம் இருக்கிறது. ஆணி அடிக்காமல் மரத்தோடு மரம் பொருத்திக் கட்டிய மண்டபங்கள். அதை ஒட்டிய நான் லியன் தோட்டத்தில், செயற்கை அருவிக்குப் பின்னால், மடத்தின் சைவ உணவகம் நடக்கிறது. அங்கே டிம்சமும் உண்டு. காளானும் கிழங்கும் டோஃபுவும் வைத்துச் செய்கிறார்கள். சீனப் பௌத்தச் சமையலில் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை என்பதால் மாமனார் நிம்மதியாகச் சாப்பிட்டார். அருவிக்குப் பின்னால் இருந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு, "இன்னொரு தட்டு வரச் சொல்லுங்கள், மாப்பிள்ளை" என்றார். வேறு எந்தச் சாப்பாட்டுக்கும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு நாள் அங்கே அம்மாவுக்கு. மறுநாள் காலை ஓட்டலில் அம்மா சாப்பிட்ட பிறகு, அப்பாவும் நீங்களும் டிம் ஹோ வான்.

நவம்பர் 10

அப்பாவுக்கு: மாட்டிறைச்சி இரண்டு இடங்களில் வரும். ஆவியில் வேகவைத்த மாட்டிறைச்சி உருண்டை, அடியில் சோயாப் பால் ஏடு விரித்து வரும், பார்த்தால் கோழி உருண்டை என்றே தோன்றும். இன்னொன்று மாட்டிறைச்சி வைத்த சியுங் ஃபன். இரண்டையும் சீட்டிலேயே அடையாளம் கண்டு தவிர்த்துவிடுங்கள், படமும் ஆங்கிலப் பெயரும் போட்டிருப்பார்கள். இறால் சியுங் ஃபன் வாங்கினால் கவலை இல்லை. பன்றி இறைச்சியும் ஆகாது என்றால் எனக்கு முன்கூட்டியே எழுதுங்கள், அப்படியானால் இந்தக் கடையே வேண்டாம் என்பேன்.

நவம்பர் 12

தேநீர் பற்றி யாருமே கேட்கவில்லையே. இந்த ஊர்க்காரர்கள் இதைச் சாப்பாடு என்றே சொல்வதில்லை, தேநீர் குடிக்கப் போகிறோம் என்றுதான் சொல்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று தேநீருக்குத் தனியாகப் போடுவார்கள், பில்லில் அதைப் பார்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

பெரிய உணவகங்களில் எந்தத் தேநீர் என்று முதலில் கேட்பார்கள். போ லெய் சொல்லுங்கள். மண்வாசனையோடு கறுப்பாக இருக்கும், கொழுப்பான பண்டத்துக்குப் பிறகு வாயைச் சுத்தமாக்கிவிடும். வாசனை வேண்டுமானால் மல்லிகைத் தேநீர். பாலும் சர்க்கரையும் கேட்காதீர்கள்.

என் அலுவலகத்தில் ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு கான்டோனியர்தான் எனக்கு இதையெல்லாம் காட்டிக்கொடுத்தவர். உட்கார்ந்தவுடன் சுடுதேநீரை ஊற்றிக் கிண்ணங்களையும் குச்சிகளையும் அலசுவார். தன் கோப்பைக்கு முன்னால் மற்றவர் கோப்பைக்கு ஊற்றுவார், அதிலும் மூத்தவருக்கு முதலில். வெந்நீர் தீர்ந்தால் கையைத் தட்டிக் கூப்பிடுவது இல்லை, கெண்டியின் மூடியைச் சற்றே நகர்த்தித் திறந்து வைத்துவிடுவார், சர்வர் வந்து நிரப்பிவிட்டுப் போவார்.

மேசையில் இரண்டு விரலால் தட்டுவது சர்வரைக் கூப்பிட என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கல்ல. யாராவது உங்கள் கோப்பையில் ஊற்றும்போது நன்றி சொல்லும் வழக்கம் அது. பேச்சை நிறுத்தாமலே நன்றி சொல்லிவிடலாம். சீனப் பேரரசர் சியென்லுங் மாறுவேடத்தில் போனபோது தன் சேவகனுக்கே தேநீர் ஊற்றினாராம், மண்டியிட்டு வணங்கினால் குட்டு உடைந்துவிடும் என்று சேவகன் விரல்களை மடக்கித் தட்டினானாம். கதைதான், ஆனால் எந்த மேசையிலும் யாராவது ஒருவர் புதிதாக வந்தவருக்கு அதைச் சொல்லிக்கொண்டிருப்பார். அப்பா இதைச் செய்தால் பக்கத்து மேசைக் கிழவர் கட்டாயம் சிரித்துப் பேச வருவார்.

நவம்பர் 15

தள்ளுவண்டியில் கூடைகளை வைத்துக்கொண்டு வருவார்களே, அது டிம் ஹோ வானில் உண்டா என்று கேள்வி. கிடையாது. இங்கே சீட்டில் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஆவியில் ஏற்றுவார்கள். வண்டியைப் பார்க்க வேண்டுமென்றால் சென்ட்ரல் என்ற பகுதியில் சிட்டி ஹாலில் இருக்கும் மேக்ஸிம்ஸ் பேலஸுக்குப் போங்கள். அலங்கார விளக்குகள், பெரிய கூடம், குடும்பம் குடும்பமாகக் கூட்டம். ஹாங்காங்கில் வண்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆள் கூலியும் இடத்து வாடகையும் அப்படி, வண்டி நகர இடம் விட்டால் நான்கு மேசை போய்விடுகிறது.

வண்டி போவதில் எனக்கு வருத்தம் உண்டு. கூடையைத் திறந்து காட்டி, பிடித்தால் எடு என்கிற அந்த உறவு சீட்டில் இல்லை. சுவைக்கு என்றால் சீட்டுதான். கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்த ஹா காவும் நேராக மேசைக்கு வந்த ஹா காவும் ஒன்றல்ல, காரணத்தை 5ஆம் தேதிக் குறிப்பிலேயே எழுதிவிட்டேன்.

நவம்பர் 16

கோழிக்காலை "அருவருப்பு" என்று எழுதியவரிடம் ஒரு வேண்டுகோள், அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பைப் பாருங்கள். நகம் வெட்டி, எண்ணெயில் பொரித்து, குளிர்ந்த நீரில் ஊறவைத்துத் தோல் உப்பிச் சுருங்கும்படி செய்து, மசாலாவில் கொதிக்கவைத்து, கடைசியில் புளிக்கவைத்த கறுப்புச் சோயா அவரையோடு ஆவியில் வைக்கிறார்கள். மூன்று முறை அடுப்பேறுகிற பண்டம் அது. தூக்கி எறியும் உறுப்பை எலும்பிலிருந்து தானே கழன்று வரும்படி ஆக்கியிருக்கிறார்கள். சாப்பிட வேண்டாம், ஆனால் முகம் சுளிக்காதீர்கள்.

நவம்பர் 20

சாப்பிட்ட பிறகு உடனே ரயில் ஏறாதீர்கள். ஷாம் ஷுய் போ நடந்து பார்க்க வேண்டிய இடம். ஆப்லியூ தெருவில் பழைய ரேடியோ, வயர், டார்ச், கைக்கடிகாரம் என்று நடைபாதை முழுக்கக் கடை, அப்பாவுக்குப் பொழுது போவது தெரியாது. பெய் ஹோ தெருவில் குங் வோ என்ற சோயாக் கடை, 1893இல் தொடங்கிய பெயர். அவர்களுடைய டோஃபு இனிப்பு, வெல்லப்பாகு ஊற்றியது, தொண்டையில் நில்லாமல் இறங்கும். குவெய்லின் தெருவில் ஹாப் யிக் தாய் கடையில் உள்ளே எதுவும் வைக்காத வெறும் சியுங் ஃபன். கத்தரிக்கோலால் துண்டு போட்டு, எள் சாறும் இனிப்புச் சாறும் சோயாவும் ஊற்றித் தருவார்கள். இறால் இல்லை, இறைச்சி இல்லை. அம்மாவும் வந்தால் இந்த இரண்டும் கேட்டுப் பார்த்து வாங்கலாம், சாற்றில் என்ன சேர்க்கிறார்கள் என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 19

ஊர் திரும்பிவிட்டு எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். அப்பா இரண்டாவது சீட்டிலும் அதே சுட்ட பாவைத்தான் டிக் அடித்தார் என்பதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பாவ் வாங்கி, வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் நமத்துவிட்டது என்று கேட்டிருக்கும் இன்னொருவருக்கு: பெட்டியை மூடித் தந்தால் உடனே திறந்துவிடுங்கள், ஆவி வெளியேறட்டும். நன்றாக ஆறிய பிறகே மூட வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் மாவு ரப்பராகிவிடும். சின்ன ஓவனில் மிதமான சூட்டில் சில நிமிடம் வைத்தால் மேல்பூச்சு ஓரளவுக்கு மீளும். அன்றே சாப்பிடுவதாக இருந்தால் வாங்குங்கள், மறுநாளைக்கு வேண்டாம். ஹா காவைப் பார்சல் வாங்கவே வாங்காதீர்கள்.